ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்: 293318625600

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் 22 தேசிய கணித தினம். அந்த நாளையொட்டி நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் ராமானுஜன் படமும் 1729 என்ற எண்ணும் தவறாமல் இடம்பெறுகின்றன. 1729 = 1³ + 12³ = 9³ + 10³. உண்மைதான், அழகும்தான். ஆனால் அரை நிமிடத்தில் சரிபார்த்து முடித்துவிடலாம். அதற்குமேல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவர் செய்வதற்கு அதிகம் இல்லை. ராமானுஜனின் உழைப்பை மாணவர்களும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எண் உண்டு. அதை இந்த ஆண்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்கே இந்தக் கடிதம்.

1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆய்வின் அடிப்படையில் அவருக்குப் பட்டம் வழங்கியது இந்தப் பணிக்காகத்தான். பொருள், மிகு பகு எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிகக் காரணிகள் கொண்ட எண் மிகு பகு எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. ஆகவே 12 அந்த வகை. அடுத்தது 24, எட்டுக் காரணிகள். பிறகு 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். நாம் மணிக்கும் நிமிடத்துக்கும் கோணத்துக்கும் வைத்திருக்கும் 24, 60, 360 மூன்றும் இந்த வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. பல விதமாகப் பங்கிட வசதியான எண்கள் அவை.

அந்தக் கட்டுரையில் ராமானுஜன் இத்தகைய எண்களை நூற்றுக்கும் மேல் அட்டவணையிட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட அட்டவணை. அதில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதுதான் 293318625600, நம் வழக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

விடுபட்டதைச் சொன்னால் ராமானுஜனின் பெருமைக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை எண்களை வடிகட்டியதில் ஒன்று மட்டும் தப்பியது என்றால், மற்றவற்றை அவர் எவ்வளவு கூர்மையாகப் பிடித்தார் என்பதற்கு அதுவே அளவுகோல். தப்பிய எண் எப்படிப்பட்டது என்று பார்த்தால் அவருடைய வேலையின் கடினம் இன்னும் தெளிவாகும்.

முதலில் எண்ணை உடைப்போம். கால்குலேட்டர் வேண்டாம். வலப்புறமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்தால் 600, 625, 318, 293. இவற்றை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 600 − 625 + 318 − 293 = 0. பூஜ்யம் வந்தால் எண் 1001-ஆல் வகுபடும். 1001 = 7 × 11 × 13. ஒரே கணக்கில் மூன்று பகா எண்கள் கிடைத்துவிட்டன. வகுத்தால் ஈவு 293025600. இதையும் அதேபோல் பிரித்தால் 600 − 25 + 293 = 868. இது 7-ன் மடங்கு (7 × 124), 11-க்கும் 13-க்கும் மடங்கல்ல. எனவே இன்னொரு 7 உண்டு, இன்னொரு 11-ம் 13-ம் இல்லை. 7-ஆல் வகுக்க 41860800. மறுபடி 800 − 860 + 41 = −19; இனி 7 இல்லை. 100-ஆல் வகுக்க 418608. கடைசி இலக்கம் 8 என்பதால் 5 தீர்ந்தது. 418608-ஐ 16-ஆல் வகுக்க 26163, அதை 81-ஆல் வகுக்க 323. 323 = 17 × 19.

ஆக,

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

காரணிகளின் எண்ணிக்கையைக் காண ஒவ்வோர் அடுக்கோடும் 1 சேர்த்துப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. மாணவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். 1 சேர்க்காமல் அடுக்குகளையே பெருக்கி 6 × 4 × 2 × 2 = 96 என்று எழுதிவிடுகிறார்கள். 1 ஏன் என்று சொல்லிவிட்டால் மறக்க மாட்டார்கள்: ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம். விடுவதும் ஒரு வழி. அதனால் ஆறல்ல, ஏழு வழிகள்.

5040-ம் ஒரு மிகு பகு எண்ணே. அதற்கு 60 காரணிகள். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை எல்லாமே அதே வரிசையைச் சேர்ந்தவை. 1 முதல் 50 வரையிலான எண்களில் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 ஆகிய எட்டு மட்டுமே நம் எண்ணை வகுக்காது. மற்ற 42-ம் மீதியின்றி வகுக்கும்.

இனி, இது மிகு பகு எண்தான் என்று எப்படி உறுதி செய்வது? இதைவிடச் சிறிய 29,331 கோடி எண்களையும் சோதிக்க வேண்டுமா? வேண்டாம். ராமானுஜன் தொடக்கத்திலேயே நிறுவும் ஒரு செய்தி வேலையைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. மிகு பகு எண்ணில் 2-ல் தொடங்கிப் பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். அடுக்குகள் ஏறவே கூடாது, சமமாக இருக்கலாம் அல்லது இறங்கலாம். காரணம் எளிது. 3-ன் அடுக்கு 2-ன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். எண் சிறியதாகும், காரணிகளின் எண்ணிக்கை மாறாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் அவர் காட்டினார். இதற்கு விலக்கு 4, 36 இரண்டு மட்டுமே.

அப்படியானால் கடைசிப் பகா எண்ணை வைத்துத் தேடலாம். 2 முதல் 37 வரையிலான பகா எண்களைப் பெருக்கினாலே 7420738134810 வந்துவிடும். நம் எண்ணை மிஞ்சிவிட்டது. 31 வரை பெருக்கினால் 200560490130. நம் எண்ணுக்குள் அடங்கும், ஆனால் இன்னொரு 2-ஐச் சேர்க்கக்கூட இடமில்லை. காரணிகள் 2048 மட்டும். 29-ல் நிறுத்தினால் பெருக்கல் 6469693230. அதை 45 மடங்கு வரை பெருக்கலாம். 36 மடங்கு எடுப்பதே சிறந்தது, 4096 காரணிகள் கிடைக்கும். 23-ல் நிறுத்தினால் 223092870. 1314 மடங்கு வரை இடம் உண்டு. 1080 மடங்கு எடுத்தால் 240940299600, காரணிகள் 4800. 17-லோ அதற்கு முன்போ நின்றால் 4800-ஐத் தாண்ட முடியாது. 19-ல் நிறுத்தினால்தான் 9699690 × 30240 = 293318625600, காரணிகள் 5040. இந்தத் தேடலை ஒரு தாளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் செய்துவிடலாம். 29-க்கும் 23-க்கும் எல்லா மடங்குகளையும் முயல வேண்டியதில்லை. அடுக்குகள் இறங்குவரிசையில் அமையும் மடங்குகள் போதும்.

இப்போது எண்ணின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அட்டவணைப்படி இதற்கு முன்னால் 240940299600 (4800 காரணிகள்), பின்னால் 321253732800 (5376 காரணிகள்). இரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரு முறைதான் வருகிறது. நடுவில் உள்ள நம் எண்ணில் 23 இல்லை, 7 இரு முறை வருகிறது. பின்னால் உள்ளதை 23-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். முன்னால் உள்ளதை 23-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினாலும் வரும். ஒரு பகா எண்ணைக் கூட்டியோ குறைத்தோ அடுத்த எண்ணுக்குப் போகும் இடமல்ல இது. 23-ஐ முழுக்கக் கைவிட்டு, பின்னால் உள்ளதோடு ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும், அல்லது முன்னால் உள்ளதோடு இரண்டு 2-ஐயும் ஒரு 7-ஐயும் சேர்த்தால்தான் இங்கே வந்து சேர முடியும். 23 வந்துவிட்ட பிறகு திரும்ப அதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எளிதில் தோன்றாது.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னால் உள்ள 321253732800 சாதாரண மிகு பகு எண் அல்ல. ராமானுஜன் தனியே பிரித்துக் காட்டிய உயர் மிகு பகு எண்களில் ஒன்று. அவற்றைத் தேட வேண்டியதில்லை, சூத்திரத்தால் நேரடியாகவே பெறலாம். ஒரு சிறு பின்னத்தைத் தேர்ந்தெடுங்கள், 0.22 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பகா எண்ணையும் 0.22 அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழித்து, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். விடையின் முழு எண் பகுதிதான் அந்தப் பகா எண்ணின் அடுக்கு. அறிவியல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 2-க்கு 6.07, 3-க்கு 3.66, 5-க்கு 2.35, 7-க்கு 1.87, 23-க்கு 1.007, 29-க்கு 0.91. முழுப் பகுதிகளை மட்டும் எடுத்தால் 6, 3, 2, பிறகு 7 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 1, 29-க்கு 0. பெருக்கினால் 321253732800. பின்னத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த உயர் எண்கள் வரும்.

இந்த எண்கள் வழிகாட்டிக் கற்கள் போல. அவற்றுக்கு இடையில் உள்ள மற்ற மிகு பகு எண்களை எந்தச் சூத்திரமும் நேராகத் தராது. ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 321253732800-க்கு முந்தைய உயர் எண் 13967553600. இரண்டுக்கும் 23 மடங்கு வித்தியாசம். அந்த நீண்ட இடைவெளியின் கடைசி எண் நம் 293318625600.

இந்த எண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 23-ஆல் வகுபடாத மிகு பகு எண்களில் ஆகப் பெரியது இதுதான். நிறுவுவது கடினமல்ல. எண்ணில் 23 இல்லை என்றால், அதிலிருந்து 23-ஐவிடப் பெரிய ஒரு காரணியை எடுத்துவிட்டு 23-ஐ வைத்துப் பார்க்கலாம். எண் சிறுத்துவிடும். 23 வந்ததால் காரணிகள் இரட்டிக்கும், எடுத்த காரணியால் கொஞ்சம் குறையும். குறைந்த பிறகும் பழைய எண்ணிக்கைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், பழைய எண் மிகு பகு எண்ணாக இருக்க முடியாது.

5-ன் அடுக்கு 3 என்று வையுங்கள். 25-ஐ எடுத்து 23 வைத்தால் 2 × (2 ÷ 4) = 1. காரணிகள் குறையவே இல்லை. எனவே 5-ன் அடுக்கு 2-க்கு மேல் போக முடியாது. 7-ன் அடுக்கும் போக முடியாது. 3-ன் அடுக்கு 5 என்றால் 27-ஐ எடுங்கள்: 2 × (3 ÷ 6) = 1. எனவே 3-ன் அடுக்கு 4-க்கு மேல் இல்லை. 3-ன் அடுக்கு 4-ஆகவும் 2-ன் அடுக்கு 7-ஆகவும் இருந்தால் 24-ஐ எடுங்கள்: 2 × (5 ÷ 8) × (4 ÷ 5) = 1. எனவே 2-ன் அடுக்கு 6-க்கு மேல் இல்லை. 3-ன் அடுக்கு 4-க்குக் குறைந்தால் 2-ன் அடுக்கு ஒன்றிரண்டு கூடலாம். ஆனாலும் எண் சிறியதாகவே இருக்கும். 11 இரு முறை வந்தால், 3-ன் அடுக்கு 3-ஓ 4-ஓ ஆக இருக்கும்போது 33-ஐ எடுத்து 23 வைக்கலாம். 3-ன் அடுக்கு 2 என்றால் ஒரு 11-ஐ எடுத்து 9 வைத்தாலே காரணிகள் கூடிவிடும். ஆக எல்லா அடுக்குகளும் உச்சத்தைத் தொடும் எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. நம் எண்ணேதான். 5, 3, 2 ஆகியவற்றுக்கான மூன்று சோதனைகளும் சரியாக 1 என்ற எல்லையில் போய் நிற்பதைக் கவனிக்க வேண்டும். எந்த அடுக்கு ஒரு படி கூடினாலும் எண் இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும்.

23-ஐ ஒரு முறை சேர்த்துவிட்டால்? 293318625600 × 23 = 6746328388800. ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண். காரணிகள் 5040-ன் இரு மடங்கு, 10080. விடுபட்ட எண்ணின் 23 மடங்கோடு அவருடைய அட்டவணை முடிகிறது.

காரணிகளின் எண்ணிக்கைக்கு அப்பால், அவற்றின் கூட்டுத்தொகைக்கும் ராமானுஜன் கவனம் தந்தார். நம் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டுவதற்கு 5040 எண்களையும் எழுத வேண்டாம். 1 + 2 + 4 + … + 64 = 127; 1 + 3 + 9 + 27 + 81 = 121; 1 + 5 + 25 = 31; 1 + 7 + 49 = 57; பிறகு 12, 14, 18, 20. இந்த எட்டையும் பெருக்கினால் 1642243014720. எண்ணைப் போல் ஏறத்தாழ 5.599 மடங்கு.

இந்த மடங்கு எவ்வளவு உயரலாம் என்பது கணிதத்தின் மிகப் பெரிய தீராத கேள்வி ஒன்றோடு பிணைந்தது. 1984-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கீ ரோபன் நிறுவியது இது: எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, அதன் இயல் மடக்கையை மீண்டும் கண்டு, 1.78107… என்ற மாறிலியால் பெருக்குங்கள். 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் காரணிக் கூட்டுத்தொகையின் மடங்கு இந்த வரம்புக்குள் அடங்கினால், பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் மெய். ஓர் எண் மீறினாலும் அது பொய். நம் எண்ணுக்கு வரம்பு 5.830, மடங்கு 5.599, அடங்குகிறது. 5040-க்கு வரம்பு 3.817, மடங்கு 3.838, மீறுகிறது. வரம்பை மீறுவதாகத் தெரிந்தவற்றில் கடைசி எண் 5040.

1915 கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. கணிதக் கழகம் அப்போது பண நெருக்கடியில் இருந்ததால் செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். ரீமான் கருதுகோளை மெய்யென்று கொண்டால் காரணிக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற ஆராய்ச்சி அந்தப் பகுதியில்தான் இருந்தது. 1997-ல், ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில், நிக்கோலாவும் அதே ரோபனும் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். எழுதியவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்திருந்தன. மாணவர் பக்கங்களில் இந்தச் செய்தியைப் பார்ப்பதே அரிது. 1729-க்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால்கூடப் போதும்.

வெளியிடும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நாளிதழ்களில் பெரிய எண்கள் அச்சாகும்போது நேரும் பிழைகள் கணிதத்தையே கெடுத்துவிடுகின்றன.

அதிகம் நேர்வது, மேலே ஏறி நிற்க வேண்டிய அடுக்கு கீழே இறங்கிவிடுவது. எழுத்துருவை மாற்றும்போது 2⁶ என்பது 26 ஆகிவிடும், 3⁴ என்பது 34 ஆகிவிடும். அப்படி அச்சானால் 26 × 34 × 52 × 72 × 11 × 13 × 17 × 19 = 152871548544. இதுவும் பன்னிரண்டு இலக்க எண்தான் என்பதால் பிழை கண்ணில் படாது. கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவர் தன் பெருக்கல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார். அடுக்குக் குறி சரியாக வராது என்ற ஐயம் இருந்தால் 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை என்று விரித்தே எழுதிவிடுங்கள். இடம் அடைக்கும், பிழை வராது.

அடுத்தது, குறுகிய பத்தியில் எண் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போவது. இலக்கம் இடம் மாறுவது இன்னொன்று. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 45, 9-ன் மடங்கு. ஆனால் 318 என்பது 138 என்று அச்சானாலும் கூட்டுத்தொகை 45-தான், அந்தச் சோதனை பிழையைக் காட்டாது. மூன்று மூன்றாகப் பிரிக்கும் சோதனை காட்டிக்கொடுக்கும்: 600 − 625 + 138 − 293 = −180; 7-ஆலும் 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு வெவ்வேறாக இருந்து இடம் மாறினால் 11-ன் சோதனை அதை ஒருபோதும் தவறவிடாது. கடைசிப் பூஜ்யம் ஒன்று விட்டுப்போனால் மட்டும் இரண்டு சோதனைகளும் பயன்படா. அப்போது கடைசி இரண்டு இலக்கம் 60 ஆகிவிடும், 25-ஆல் வகுபடாது. அதைப் பார்த்தால் போதும். ஆங்கிலச் செய்தியிலிருந்து எடுக்கும்போது 293 பில்லியன் என்றிருப்பதை 293 கோடி என்று எழுதிவிடுவதும் உண்டு. ஒரு பில்லியன் நூறு கோடி.

மாணவர்கள் கருவிகளில் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால் அங்கே என்ன நடக்கும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். பன்னிரண்டு இலக்கக் கடைக் கால்குலேட்டரில் இந்த எண் முழுதாகத் தெரியும். எட்டு, பத்து இலக்கக் கருவியில் அடங்காது. 6746328388800 பன்னிரண்டு இலக்கக் கருவியிலும் அடங்காது. எக்செல் கட்டத்தில் இட்டால் 2.93319 என்று சுருக்கி, பத்தின் அடுக்கு 11 என்ற குறியோடு காட்டும். எண் கெட்டுவிடவில்லை, கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றித் தசம இடத்தைப் பூஜ்யமாக்கினால் முழுதாக வரும். சி மொழியில் நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டும். 32 பிட் முழு எண்ணில் இதை வைத்தால் பெரும்பாலும் 1260849472 என்று மாறிவிடும். அதன் இலக்கக் கூட்டுத்தொகை 43, 3-ஆல்கூட வகுபடாது. நிரல் தவறான விடை தருவதன் காரணம் இதுதான்; 64 பிட் வகையைப் பயன்படுத்த வேண்டும். காரணிகளை எண்ண 1-லிருந்து எண் வரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். காரணிகள் இணை இணையாக வரும். இணையில் சிறியது வர்க்கமூலத்துக்குள் இருக்கும். வர்க்கமூலம் சுமார் 5,41,589. அதுவரை வகுத்தால் 2520 காரணிகள் கிடைக்கும், இரட்டித்தால் 5040.

சிறு வகுப்பினருக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றினால், அதே வேலையைச் சிறிய எண்களில் கொடுக்கலாம். 360, 720, 1260, 1680, 2520, 5040 என்று அச்சிட்டு, முறையே 24, 30, 36, 40, 48, 60 காரணிகள் என்று குறித்து, இந்த மிகு பகு எண் வரிசையில் ஒன்று விடுபட்டிருக்கிறது, எது என்று கேளுங்கள். அடுக்குகளை எழுதிப் பார்த்து, 720-லிருந்து 6-ஐ எடுத்துவிட்டு 7-ஐ வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு 840 கிடைக்கும். அதற்கு 32 காரணிகள். விடையை அன்றே போடாமல் மறுநாள் இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்